பச்சை பியூஸ்

சோலைமேடு எஸ்டேட்,
வால்பாறை.
14.06.2025

ஆட்டோ எலக்ட்ரீசியன் கதிரேசன் அவர்களுக்கு,

மெர்சி எழுதுவது. உங்கள் தம்பி பாலுசாமியின் மனைவி. பேச்சு நின்று ஒரு வருடம் ஆகப்போகிறது, அதனால் யார் என்று சொல்லித்தான் தொடங்க வேண்டியிருக்கிறது.

போன் செய்தால் இரண்டு நிமிட வேலை என்று நினைப்பீர்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் சொன்னது சொன்னதுதான். உங்கள் குரல் என் காதில் விழக் கூடாது. கோயமுத்தூர் பஸ் கண்டக்டர் சென்னகிருஷ்ணன் அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பார்ட்ஸ் பார்சல் எடுத்து வருகிறவர் கடிதத்தையும் எடுத்து வருவார்.

டிஸ்பென்சரி வேனை இப்போது நான்தான் ஓட்டுகிறேன். அவருக்கு விபத்தில் முழங்கால் போன பிறகு எஸ்டேட்டில் வேறு ஆள் கிடைக்கவில்லை. அதே வேன், அதே சீட். நேற்று மத்தியானம் ஒரு காய்ச்சல்காரரை மலையிலிருந்து பொள்ளாச்சிக்கு இறக்கிக்கொண்டு போனேன். கவர்க்கல் தாண்டி நல்ல மழை, கைநீட்டினால் கை தெரியாத மிஸ்ட். கண்ணாடியில் ஆவி படியாமல் காற்றடிக்கிற ஹீட்டர் ஃபேனை முழு வேகத்தில் வைத்திருந்தேன். கிளம்பி நாற்பது நிமிடம் இருக்கும், ஃபேன் நின்றது. சத்தமே இல்லாமல் நின்றது. ஒரு மூச்சு விடுவதற்குள் கண்ணாடி உள்பக்கம் முழுக்க ஆவி. ஒரு கையில் ஸ்டியரிங், ஒரு கையில் துணி. ஆழியாறு வந்து சேரும்வரை கர்த்தரைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தேன்.

சாயங்காலம் திரும்பி வரும்போது ஃபேன் ஓடியது. ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடியது. டவுனில் ஒரு எலக்ட்ரீசியனிடம் காட்டினேன். "ஓடுதேம்மா, என்னத்தப் பாக்கறது?" என்கிறார்.

போன ஜூலையில் இருபத்தேழாம் வளைவில் தடுப்புச் சுவரில் மோதியபோது உங்கள் தம்பியும் இதைத்தான் சொன்னார். "ஃபேன் நின்னுபோச்சுங்க, கண்ணாடி மூடிக்கிச்சுங்க." எஸ்டேட் வண்டிகளுக்கு வயர் வேலை பார்க்கிறவர் என்று மறுநாள் போலீஸ் ஸ்டேஷன் வாசலுக்கு உங்களைத்தான் அழைத்தார்கள், வந்து சாவியைத் திருப்பினீர்கள். ஓடியது. ஃபேனில் பழுது இல்லை என்று உங்கள் கையால் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தீர்கள். அதை வைத்து எஸ்டேட் ஆபீசில் டிரைவர் கவனக்குறைவு என்று எழுதி ஃபைலை மூடிவிட்டார்கள்.

வேன் என்ன சொல்கிறது என்று இப்போது கேளுங்கள். பழுது எங்கே என்று எனக்குத் தெரிய வேண்டும்.

மெர்சி


சுந்தராபுரம்,
கோயமுத்தூர்.
17.06.2025

அம்மணி மெர்சிக்கு,

கடிதம் வந்தது. பாலுவுக்குக் கால் இப்போது எப்படி இருக்கிறது என்று ஒரு வரி எழுதியிருக்கலாம்.

நீ ஓட்டுகிறாய் என்பதே எனக்குத் தெரியாது. அந்த மலையில், மழையில், நீ எதற்கு அம்மணி? சரி, அதைக் கேட்க எனக்கு என்ன இருக்கிறது.

போன வருடத்துப் பேச்சை இதில் கலக்க வேண்டாம். வண்டி அப்போது ஓடியது, ஓடியதைத்தான் எழுதினேன். கண்ணால் பார்க்காததை எழுதச் சொன்னால் எப்படி எழுதுவேன்? பாலு அன்றைக்கு ஸ்விட்ச் போட மறந்திருக்கலாம். மூன்று நாளாகத் தூக்கமில்லாமல் ஓட்டிக்கொண்டிருந்தான். இதையெல்லாம் அன்றைக்கே அவனிடம் சொன்னேன், அவன் மறுத்துப் பேசவில்லை.

உன் வேலைக்கு வருகிறேன். ஃபேன் ஓடும்போது பார்த்தால் ஒன்றும் தெரியாது. நிற்கிற நேரத்தில்தான் பார்க்க வேண்டும். பார்சலில் ஒரு டெஸ்ட் லேம்ப் வைத்திருக்கிறேன். ஒரு முனையில் கிளிப், மறுமுனையில் ஊசி, நடுவில் பல்பு. வேனை ஷெட்டில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜினை ஓடவிட்டு, ஃபேனை முழு வேகத்தில் வை. ஷெட் கதவு திறந்தே இருக்கட்டும், புகை அடைக்கும். ஃபேன் நிற்கும்வரை காத்திரு.

நின்றதும் ஸ்விட்சை அணைக்காதே. கிளிப்பை வண்டி இரும்பில் மாட்டு. முதலில் பியூஸ் பெட்டி. பியூசின் தலையில் இரண்டு சின்ன உலோகப் புள்ளி தெரியும், இரண்டிலும் ஊசியை வை, இரண்டிலும் பல்பு எரிய வேண்டும். அப்புறம் இடது சீட்டுக்கு முன்னால் குனிந்து பார். மோட்டாருக்குப் போகிற வயரில் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் கப்ளர், வயரும் வயரும் மாட்டுகிற இடம். கப்ளருக்கு முன்பக்கம் எரிகிறதா, மோட்டார் பக்கம் எரிகிறதா என்று எழுது. எங்கே வெளிச்சம் நிற்கிறதோ அங்கேதான் பழுது.

கருகல் வாடை வந்தால் உடனே சாவியை எடுத்துவிடு.

கதிரேசன்


சோலைமேடு எஸ்டேட்
21.06.2025

கதிரேசன் அவர்களுக்கு,

நீங்கள் சொன்னபடியே செய்தேன். இன்ஜினை ஓடவிட்டுப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். பார்த்தவர்கள் எல்லாம் "என்ன மெர்சியக்கா, வேனுக்குக் காவலா?" என்று கேட்டுப் போனார்கள். நாற்பத்து மூன்றாவது நிமிடம் நின்றது.

பியூசில் இரண்டு பக்கமும் எரிந்தது. கப்ளருக்கு முன்பக்கம் எரிந்தது. மோட்டார் பக்கம் எரியவில்லை. கப்ளரை விரலால் தொட்டேன், சுட்டுவிட்டது. சாவியை எடுத்துவிட்டு ஆறவிட்டுக் கழற்றினேன். வெள்ளைக் கப்ளர் என்று எழுதியிருந்தீர்கள். ஒரு மூலை வெள்ளை, மற்றதெல்லாம் தீய்ந்த அப்பளம். உள்ளே இருக்கிற தகடு வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. சூடானால் தொடுப்பு விட்டுப்போகிறது, ஆறினால் ஒட்டிக்கொள்கிறது. இது புரிய எனக்கு ஐ.டி.ஐ. படிப்பு தேவைப்படவில்லை.

நிற்கிற நேரத்தில்தான் பார்க்க வேண்டும் என்று எவ்வளவு அழகாக எழுதுகிறீர்கள்! போன வருடம் ஸ்டேஷன் வாசலில் எத்தனை நிமிடம் ஓடவிட்டுப் பார்த்தீர்கள்? நான் அங்கேதான் நின்றேன். ஆறிக் குளிர்ந்த வண்டி. சாவியைத் திருப்பினீர்கள், ஓடியது, அணைத்தீர்கள். ஒரு டீ ஆறுகிற நேரம்கூட இல்லை.

இன்னொன்று. பியூஸ் பெட்டி மூடியில் ஹீட்டர் ஃபேனுக்கு 20 என்று அச்சடித்திருக்கிறது. உள்ளே இருந்தது பச்சை பியூஸ், அதன் தலையில் 30 என்று இருக்கிறது. மற்ற 20 எல்லாம் மஞ்சள். யார் மாற்றியது? மோதலுக்குப் பிறகு பாடி வேலை பார்த்தவர்களைக் கேட்டேன். "தகரம் மட்டுந்தானுங்க தட்டுனோம், வயரைத் தொடவே இல்லீங்க" என்கிறார்கள்.

எனக்கு நேரம் இல்லை. எங்கள் லைன் வீடுகளில் இருக்கிற கயல்விழிக்கு வயிற்றில் இரட்டைப் பிள்ளை. ஜூலை ஐந்தாம் தேதிக்குள் பொள்ளாச்சியில் சேர்த்தாக வேண்டும் என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்திருக்கிறார். இந்த மழையில் அவளைப் படுக்க வைத்து நான்தான் இறக்க வேண்டும். வேறு வண்டி கிடையாது.

அவருக்குக் கால் எப்படி இருக்கிறது என்று கேட்டீர்கள். கோல் ஊன்றி நடக்கிறார். வேன் சத்தம் கேட்டால் உள்ளே போய்விடுகிறார். இந்தக் கடிதங்கள் அவருக்குத் தெரியாது.

மெர்சி


சுந்தராபுரம்
24.06.2025

அம்மணி,

புதுக் கப்ளர் ஒன்று, 20 பியூஸ் மூன்று அனுப்பியிருக்கிறேன். கப்ளரில் வயர் ஏற்கெனவே போட்டிருக்கிறது. சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. முறுக்கிவிட்டு டேப் சுற்றினால் போதாது, வயர் கூடவே வைத்திருக்கிற பித்தளைக் குழாயில் இரண்டு முனையையும் நுழைத்துக் குறடால் நன்றாக நசுக்கு. பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு வேலை செய்.

பச்சை பியூசை எடுத்துத் தூரப் போடு.

யார் மாற்றியது என்ற கேள்வியை இப்போது விடு. வேலையைப் பார்.

கதிரேசன்


சோலைமேடு எஸ்டேட்
27.06.2025

கதிரேசன் அவர்களுக்கு,

விடமாட்டேன்.

கப்ளரை மாற்றினேன். கை முழுக்கக் கொப்புளம். மஞ்சள் பியூஸ் போட்டு ஓடவிட்டேன். பத்து நிமிடத்தில் பியூஸ் போய்விட்டது. இரண்டாவது போட்டேன், எட்டு நிமிடம். மூன்றாவதைப் போட எனக்குத் தைரியம் இல்லை, சட்டைப்பையில் வைத்திருக்கிறேன்.

கயல்விழி காலையில் ஷெட்டுக்கு வந்துவிட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கிறாள். "அக்கா, வண்டி ஆகிப்போடுமா?" என்கிறாள். "ஆகிப்போடும் கண்ணு, நீ போய்ப் படு" என்றேன். பொய்.

இன்னும் எட்டு நாள். பச்சை பியூசை நான் தூரப் போடவில்லை. என் எதிரே சீட் மேல் கிடக்கிறது. அதைப் போட்டால் ஃபேன் ஓடும். நன்றாக ஓடும், நாற்பது நிமிடம். ஒருவேளை புதுக் கப்ளருக்கு ஒரு மணி நேரம்கூடத் தாங்கும், அதற்குள் ஆழியாறு போய்விடலாம். யாருக்கும் தெரியாது. போட்டுக்கொண்டு போகட்டுமா?

நீங்கள் அப்படித்தான் செய்தீர்களா?

இந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் எழுதுங்கள். கால் எப்படி, கை எப்படி என்ற விசாரிப்பெல்லாம் வேண்டாம்.

மெர்சி


சுந்தராபுரம்
29.06.2025

மெர்சி,

போடாதே. உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன், அந்தப் பச்சையைப் போடாதே. இந்தத் தடவை கப்ளர் தாங்கினால் வயர் எரியும். வயர் டேஷ்போர்டுக்குள் எரிந்தால் புகை உள்ளேதான் வரும். பின்னால் ஒரு பிள்ளைத்தாய்ச்சி படுத்திருப்பாள்.

ஆமாம். நான்தான் செய்தேன்.

போன வருடம் ஜூன் கடைசி ஞாயிறு. பாலு வேனைச் சுந்தராபுரத்துக்கே கொண்டுவந்திருந்தான். "பியூஸ் நிக்க மாட்டேங்குதுங்ணா, வாரத்துக்கு ரெண்டு போகுது" என்றான். ஃபேனைக் கையால் சுற்றிப் பார்த்தேன், மாவாட்டுகிற கல் மாதிரி இறுக்கம். மோட்டார் அச்சைத் தாங்குகிற புஷ் எண்ணெய் இல்லாமல் காய்ந்துபோயிருந்தது, அதனால் அளவுக்கு மேல் கரண்ட் இழுத்தது. மோட்டாரை மாற்றியிருக்க வேண்டும். அரை நாள் வேலை. அன்றைக்கு உடுமலைப்பேட்டையில் மாமனார் வீட்டில் கெடா விருந்து. மூன்று மணிக்குப் போகாவிட்டால் மருமகனுக்குத் தனி இலை போட்டு உட்கார வைத்து ஒரு வருடம் சொல்லிக் காட்டுவார்கள். உனக்கே தெரியும் அந்த ஊட்டை.

மஞ்சளை எடுத்துப் பச்சையைப் போட்டேன், இனி பியூஸ் போகாது, அந்தச் சூட்டைக் கப்ளர்தான் வாங்கிக்கொள்ளும். பாலு பார்த்துவிட்டான். "இது சரீங்களாண்ணா? மூடியில இருவதுன்னு போட்டிருக்குதே" என்றான். "ஒன்னும் ஆவாது போடா. அடுத்த வாரம் வா, மோட்டாரை மாத்திப்போடலாம்" என்றேன். அடுத்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. அவன் வரவில்லை, நானும் கூப்பிடவில்லை. அதற்கடுத்த வாரம் அவன் ஆஸ்பத்திரியில் இருந்தான்.

இதோடு முடித்தால் மறந்து செய்த தப்பு என்று ஆகிவிடும். அப்படி இல்லை. ஸ்டேஷன் வாசலில் சாவியைத் திருப்பும் முன்னால் பியூஸ் பெட்டியைத் திறந்தேன். பச்சை தெரிந்தது. நீ பின்னால் நின்றிருந்தாய். மூடியை மூடிவிட்டேன். சாவியைத் திருப்பினேன், ஃபேன் ஓடியது. ஓடியதும் எனக்கு எத்தனை நிம்மதி தெரியுமா? அப்படியானால் என்னால் இல்லை, அவன்தான் ஸ்விட்ச் போடவில்லை என்று அந்த நிமிடமே நம்பிக்கொண்டேன். நாற்பது நிமிடம் ஓடவிட்டுப் பார்க்கத் தெரியாதவனா நான்? பயந்துகொண்டுதான் பார்க்கவில்லை. அப்புறம் அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "நீ மறந்திருப்படா, தூக்கக் கலக்கம்" என்று நானே அவனுக்குச் சொல்லிக் கொடுத்தேன்.

சென்னகிருஷ்ணனிடம் புது மோட்டார் கொடுத்திருக்கிறேன். இடது டேஷ்போர்டுக்கு அடியில் மூன்று ஸ்க்ரூ. பழையதை இறக்கியதும் உள்ளே கிடக்கிற இலை, குப்பையெல்லாம் அள்ளிப் போடு. புதியதை மாட்டும் முன் விரலால் சுண்டிப் பார், தானாக நாலு சுற்றுச் சுற்ற வேண்டும். மீதி இருக்கிற மஞ்சளைப் போட்டு ஒன்றரை மணி நேரம் ஷெட்டிலேயே ஓடவிடு. கப்ளரைத் தொட்டுப் பார். கை பொறுக்கிற வெதுவெதுப்பு இருந்தால் கயல்விழியைக் கூட்டிக்கொண்டு போ. அதற்கு மேல் சூடு இருந்தால் போகாதே. எனக்கு போன் போடு. திட்டவாவது போடு, நானே வண்டி பிடித்து வந்து இறக்குகிறேன்.

இதோடு எஸ்டேட் மானேஜருக்கு ஒரு கடிதம் இருக்கிறது. இப்போது எழுதிய அத்தனையும் அதில் இருக்கிறது, கையெழுத்தோடு. உறையை ஒட்டவில்லை. அது ஆபீசுக்குப் போனால் எஸ்டேட் வண்டி எதுவும் இனி என் பட்டறைக்கு வராது. வரக் கூடாதுதான். கொடுப்பதும் கிழிப்பதும் உன் கையில்.

கதிரேசன்


சோலைமேடு எஸ்டேட்
06.07.2025

கதிரேசன் மாமாவுக்கு,

முதலில் கயல்விழி. நேற்றுக் காலை பத்தரைக்குக் கிளம்பினோம். மோட்டாரை இரண்டாம் தேதியே மாட்டிவிட்டேன். பழைய ஃபேனுக்குள் சில்வர் ஓக் இலை ஒரு முறம். புதியதைச் சுண்டினேன், நாலு இல்லை, ஏழு சுற்றுச் சுற்றியது. ஒன்றரை மணி நேரம் ஓடவிட்டுக் கப்ளரைத் தொட்டேன். வெதுவெதுப்புதான். அப்படியும் நம்பாமல் மறுநாள் இன்னொரு தடவை ஓடவிட்டேன்.

மானேஜர் கடிதத்தைக் கொடுப்பதா கிழிப்பதா என்று மூன்று நாள் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். உங்களை நாலு வார்த்தை நன்றாகத் திட்டி எழுத வேண்டும் என்று நோட்டை எடுத்தேன், எழுதினேன், நல்ல நல்ல வார்த்தையாகவே எழுதினேன். பிறகு இது நான் முடிவு செய்கிற விஷயமே இல்லை என்று தோன்றியது. கடிதத்தை அவரிடம் கொடுத்துவிட்டேன். எனக்கு எழுதியதையும் சேர்த்துத்தான்.

இரண்டு தடவை படித்தார். கத்துவார் என்று நினைத்தேன். அடுப்படியில் இருந்த என்னைக் கூப்பிட்டு, மெதுவாக, "அப்ப நான் ஸ்விட்ச் போட்டுத்தான் இருந்தனா மெர்சி?" என்று கேட்டார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "போட்டேன்னு நீங்கதானுங்க சொன்னீங்க" என்றேன்.

"சொன்னேன். அண்ணன் மறந்திருப்பேன்னு சொல்லிப்போட்டாரு. வயரைப் பத்தி அண்ணனுக்குத் தெரியாதது எனக்கென்ன தெரியும்? போட்ட மாதிரிதான் ஞாபகம். ஆனா அண்ணன் சொன்னப்பறம், போடலையாட்டிருக்குதுன்னு நானே என்னை நம்பறதை உட்டுப்போட்டேன்" என்றார். சொல்லிவிட்டு அழுதார், மாமா. கால் போனபோதுகூட இந்த மனுஷன் அழவில்லை. ஒரு வருடமாக வேன் சத்தம் கேட்டால் உள்ளே போனது எதற்கு என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

மறுநாள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கோலை ஊன்றிக்கொண்டு, அவரே ஆபீசுக்கு நடந்து போய்க் கடிதத்தைக் கொடுத்தார். நான் கூட வருகிறேன் என்றேன், வேண்டாம் என்றுவிட்டார். மானேஜர் எழுந்து நின்று வாங்கினாராம். ஃபைலைத் திறப்பதாகச் சொல்லியிருக்கிறார். உங்கள் பட்டறைக்கு இனி வண்டி வராது என்பதும் நிஜம்தான், அதை நான் மறைக்கப் போவதில்லை.

நேற்றுக் கிளம்புகிற நேரம் அவர் வந்து இடது சீட்டுக் கதவைத் திறந்தார். "நானும் வாரேன்" என்றார். காலை மடக்க முடியாமல் மடக்கி ஏறி உட்கார்ந்தார். கவர்க்கலில் அதே மழை, அதே மிஸ்ட். பின்னால் கயல்விழி ஒவ்வொரு வளைவுக்கும் முனகுகிறாள். இவர் காற்று வருகிற ஓட்டைக்கு முன்னால் உள்ளங்கையை நீட்டியவர் எடுக்கவே இல்லை. இருபத்தேழாம் வளைவு வந்தது. "நாப்பது நிமிஷம் ஆச்சு" என்றார். கண்ணாடி பளிச்சென்று இருந்தது, தடுப்புச் சுவரில் புதுச் சிமெண்டு பூசிய இடம்கூடத் தெளிவாகத் தெரிந்தது. ஆழியாறு செக்போஸ்டில்தான் கையை எடுத்தார்.

கயல்விழிக்கு ராத்திரியே பிரசவம். இரண்டும் பெண். மூன்று பேரும் நன்றாக இருக்கிறார்கள்.

உங்களை வரச் சொல்லட்டுமா என்று அவரிடம் கேட்டேன். "இப்ப வேண்டாம்" என்றார். அவர் மனசு ஆற நாளாகும், எனக்கும்தான். குரல் கேட்க மாட்டேன் என்று சொன்னதையும் இன்னும் எடுக்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஆனால் ஒன்று கேட்டார். பியூஸ் பெட்டி மூடியில் அச்சடித்த 20 தேய்ந்துகொண்டே வருகிறது. பின்னால் யார் ஓட்டினாலும் தெரிய வேண்டுமாம். "அண்ணனை ஒரு சீட்டுல பெருசா இருவதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்லு. மூடி மேல ஒட்டணும்" என்றார். நானே எழுதி ஒட்டுகிறேனே என்றேன். "இல்ல, அவரு கையெழுத்துத்தான் வேணும்" என்றார்.

சென்னகிருஷ்ணன் அண்ணனிடம் கொடுத்துவிடுங்கள்.

மெர்சி